மூணாம் ஃபாரம்

எங்கள் பைண்டிங் ஷெட்டில் அவனுக்கு அதுதான் பெயர். அச்சடித்த பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதுதான் ஒரு ஃபாரம். ஆளுக்கு ஒரு ஃபாரம் மடிப்போம். வருஷா வருஷம் மறுபதிப்பு வரும் புத்தகம் ஒன்று உண்டு, எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஞானி ஒருவர் எழுதியது. அதில் மூணாவது ஃபாரம் எப்போதும் அவனுக்கு. நாலாவது எனக்கு.

மடித்துக்கொண்டே படிப்பான். அந்தப் பதினாறு பக்கமும் மனப்பாடம். அதில் அதிர்ஷ்டம் ஒரு பொம்பளை மாதிரி எதிரே நின்று பேசுகிறது. உன் உடம்பு, உன் சோறு, உன் சந்தோஷம் எல்லாம் நான் இரவலாகக் கொடுத்தது, திரும்பக் கேட்டால் மூஞ்சியைத் தூக்காதே என்கிறது. கூலியைக் குறைத்தாலும் இதைத்தான் சொல்லுவான், மழையில் கூரை ஒழுகினாலும் இதைத்தான் சொல்லுவான்.

"முழுப் புத்தகத்தையும் ஒருநாள் படிச்சுடேன்டா" என்றால், "பதினாறு பக்கத்துல ஆள் தெளிஞ்சுட்டேன், மிச்சத்தைப் படிச்சா உங்களோட பேச மாட்டேன்" என்பான். சிரிப்போம்.

அவசர வேலை ஒன்று வந்தபோது, சீக்கிரம் ஓடட்டும் என்று கட்டிங் மெஷினில் கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பை மேஸ்திரி கழற்றச் சொன்னார். கழற்றியவன் நான்தான். மூன்றாம் வாரம் அவன் தாள் வெட்டும்போது கத்தி இறங்கியது. அவன் வலது கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரி ஒரு தாளோடு வந்தார். 'கவனக்குறைவு என்னுடையதுதான்' என்று அவனே சொல்வதாக அதில் எழுதியிருந்தது.

"ஒரு ரேகை வச்சுடுப்பா. கேட்டுல உக்கார்ற வேலை குடுக்கறதா முதலாளி சொல்லியிருக்காரு."

"வைக்காதீங்க" என்றாள் அவன் மனைவி. "தடுப்பு இல்லாம ஓட்டச் சொன்னது யாரு? வழக்குப் போட்டா நஷ்டஈடு வரும்." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க அங்கதானே நின்னீங்க? வாயைத் தொறந்து சொல்லுங்களேன்."

மேஸ்திரியும் என்னைப் பார்த்தார்.

"நான் அப்போ அந்தப் பக்கம் திரும்பியிருந்தேம்மா" என்றேன்.

அவன் கட்டிலில் கிடந்தபடியே அவளைச் சமாதானப்படுத்தினான். "விடு புள்ள. கொடுத்தவ எடுத்துக்கிட்டா. யார்கிட்ட சண்டை போடுறது?" இடது பெருவிரலில் மை தடவிக்கொண்டான்.

கேட் வேலை இரண்டு மாதம். அப்புறம் அதற்கும் வேறு ஆள் வந்தான். அவன் மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

அடுத்த மறுபதிப்பு வந்தபோது எனக்கு வேலை ஓடவில்லை. இவனை ரேகை வைக்கவைத்தது அப்படி என்னதான் என்று மூணாம் ஃபாரத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதிர்ஷ்டம் பேசிக்கொண்டே இருந்தது, பாதிப் பேச்சில் தாள் முடிந்துபோயிற்று. மீதி என் கைக்கடியில் இருந்தது. பதினோரு வருஷம் மடித்தும் நான் படிக்காத தாள்.

'இப்படித்தான் அதிர்ஷ்டம் பேசும். மயங்கிவிடாதே' என்று தொடங்கியது அது. 'புயல் கொண்டுபோனதற்குப் புயலோடு சண்டை போடாதே. மனிதன் பறித்ததை மட்டும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டாதே. அவன் வாசலில் போய் நின்று கேள்.'

ஒரு வாரம் கழித்துத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி டீ கொடுத்தாள். அவன் தாளை முழங்காலில் விரித்து இடது கையால் நீவி நீவிப் படித்தான். உதடு அசைந்தது. இரண்டாம் தடவையும் படித்தான்.

"இது உன் ஃபாரமா?"

"ஆமா."

"எப்போ படிச்சே?"

"போன வாரம்."

இந்த ஒரு தடவையாவது கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அன்னிக்கே படிச்சிருந்தா சொல்லியிருப்பியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். ஆனால் எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று ஏதோ முனகினேன்.

"போயிட்டு வா" என்றான்.

தம்ளரில் பாதி டீ இருந்தது. அவன் மனைவி வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.