ஜோதி ஷாப்பிங் சென்டரின் பின்சுவர்

ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்தது ஜோதி ஷாப்பிங் சென்டர். அதற்கு முன்னால் அது ஜோதி டாக்கீஸ். படம் பார்க்க ஆள் வராமல் போனபோது, உரிமையாளர் எல்லப்பன் தியேட்டரை இடிக்கவில்லை. டிக்கெட் கொடுத்த முகப்பையும் சைக்கிள் ஸ்டாண்டையும் தடுத்துக் கடைகளாக்கினார். திரை இருந்த கூடத்தை அப்படியே பூட்டிப் போட்டார். கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். எந்த மூலையில் ஷட்டர் போட்டாலும் வாடகைக்கு ஆள் வந்தார்கள். சினிமா பார்க்க வந்த ஊர்க்காரர்கள் போய், சம்பள வாரத்தில் துணியும் செல்போனும் வாங்க வரும் வெளியூர்ப் பிள்ளைகளால் அந்தத் தெருவே நிறைந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் கனகலட்சுமி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பன்னிரண்டாவது முடித்த கையோடு பஸ் ஏறி வந்து, செல்போன் கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்தார். ஒருநாள் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கூட இருந்தவர்கள் அழுதுகொண்டே ஊருக்குத் திரும்ப, இவர் மட்டும் தங்கி, ஜோதி சென்டரில் ஒரு கடை எடுத்தார். நைட்டி, சுடிதார், லெக்கிங்ஸ். ஹாஸ்டல் பெண்களுக்கு என்ன தேவை என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடமிருக்காது. தெற்கத்திப் பேச்சு காதில் விழுந்தால் போதும், "எந்த ஊரு தாயி?" என்று கடைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார்.

கடையின் பின்சுவரில் தியேட்டருக்குள் போகும் பழைய வாசல் ஒன்று இருந்தது. எல்லப்பன் அதன் கதவை ஆணியடித்து, மேலே பிளைவுட் பலகையும் வைத்து மறைத்திருந்தார். அதன் முன்னால்தான் துணி அலமாரி நின்றது. உள்ளே எப்போதாவது ஏதோ உருளும் சத்தம் கேட்கும். ஒருமுறை கனகலட்சுமி எல்லப்பனிடமே கேட்டார்.

"கம்பெனி ஸ்க்ராப்புமா. கோடவுனுக்கு ஒருத்தர் எடுத்துக்கீறாரு" என்றார் அவர்.

சென்ற மே மாதம் ஒரு மத்தியானம். கரண்ட் போய், திரும்பி வந்த சற்று நேரத்தில் ரப்பர் கருகும் வாடை அடித்தது. கனகலட்சுமி தன் கடை ஃபியூஸைத்தான் முதலில் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து மெல்லிய கோடாகப் புகை வந்தது. அடுத்த கணம் யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டல் இல்லை, ஓங்கி அறைந்தார்கள். பல கைகள்.

"யக்கா, தொறங்கக்கா! வெளிய பூட்டிட்டுப் போயிட்டாவ!"

தெற்கத்திப் பேச்சு. ஒரு பெண்ணின் குரல்.

சுவருக்குள்ளிருந்து தன் ஊர்ப் பெண் எப்படிப் பேசுவாள்? அது புரியாமலேயே கனகலட்சுமி வெளியே ஓடி, அடுத்த கடை யாக்கோபைக் கூப்பிட்டார். செல்போன் ரிப்பேர் பார்க்கும் யாக்கோபு எதுவும் கேட்கவில்லை. எதிரே இருந்த மெக்கானிக் ஷெட்டிலிருந்து கடப்பாரையோடு வந்தார். இருவரும் அலமாரியைத் துணியோடு சாய்த்துத் தள்ளினார்கள். பலகை உடைந்தது. கதவின் ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன.

புகையோடு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, இருவர், பிறகு கும்பலாக. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். எல்லோரும் நைட்டியில் இருந்தார்கள். ஊதாவில் வெள்ளைப் பூப் போட்ட நைட்டி, பச்சையில் மஞ்சள் கோடு போட்ட நைட்டி. அத்தனையும் கனகலட்சுமி விற்றவை. ஹாஸ்டல் வார்டன் என்று சொல்லிக்கொண்டு ஓர் அம்மாள் மாதாமாதம் வந்து மொத்தமாக வாங்கிப் போவாள். 'பிள்ளைகளை அழைத்து வாருங்கள், பிடித்ததை எடுக்கட்டும்' என்று இவர் சொன்னபோதெல்லாம், ஹாஸ்டல் தூரம் என்று சிரித்திருக்கிறாள்.

கனகலட்சுமி சாய்ந்து கிடந்த அலமாரியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தீயணைப்பு வண்டி வந்ததும், தண்ணீர் கடைக்குள் ஓடியதும் அவருக்குச் சரியாக நினைவில்லை.

யாரும் சாகவில்லை. யாக்கோபு கடைசியாக வெளியே தூக்கி வந்த சுகப்பிரியா என்ற பெண்ணுக்கு மட்டும் நெஞ்சில் புகை அடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கனகலட்சுமிதான் உடனிருந்தார். கதவைத் தட்டிக் கூப்பிட்டதும் அவள்தான்; மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நின்றிருக்கிறாள். ட்ரெயினிங் என்று சொல்லி ஒரு ஏஜென்ட் அழைத்து வந்தானாம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கம்பெனி, பஸ், கூடம். வேறெங்கும் போனதில்லை.

"ஒங்க சத்தம் தெனமும் கேக்கும்க்கா" என்றாள் சுகப்பிரியா. "எந்த ஊரு தாயின்னு கேப்பிய. நாங்க உள்ள படுத்துக்கிட்டு எங்க ஊரு பேரச் சொல்லுவோம். மெதுவா."

"ஒரு தடவ சத்தமாச் சொல்லிருக்கக் கூடாதா?"

"சத்தம் போட்டா, புள்ள எவன்கூடயோ ஓடிட்டான்னு வீட்டுக்குப் போன் போட்டுருவோம்னு சொன்னாவ."

கனகலட்சுமி அவள் கையை விடவில்லை.

பெண்களைக் கூடத்துக்குள் பூட்டி வைத்திருந்ததைக் கனகலட்சுமி போலீஸில் சொல்ல, ஏஜென்டையும் வார்டனையும் பிடித்தார்கள். அதிகாரிகள் வந்து சென்டர் முழுவதற்கும் சீல் வைத்தார்கள். எல்லப்பன் மேலும் வழக்கு பதிவானது. ஜாமீனில் வந்தவர், கனகலட்சுமியைத் தேடி வந்து ரோட்டில் நின்றே பேசினார்.

"தீய அணைச்சாச்சு. பொண்ணுங்களும் வெளிய வந்தாச்சு. உள்ள தங்கிகினு இருந்தாங்கன்னு நீ போலீஸாண்ட சொல்லாம வுட்டிருந்தா, இத்தினி பேர் பொழப்பு போயிருக்காது."

இதைக்கூட ஒரு மனிதன் சொல்வானா என்று அவர் முகத்தையே பார்த்தார் கனகலட்சுமி. பிறகு, "போயிருங்க" என்றார். அவ்வளவுதான்.

அதைவிட யாக்கோபு சொன்னதுதான் அவரைச் சாய்த்தது. சீல் வைத்த ஷட்டருக்கு முன்னால் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"எனக்குத் தெரியும் கனகா. பின்னால சந்துல பஸ் வந்து நிக்கும். பொண்ணுங்க தலைய குனிஞ்சிகினு எறங்கிப் போவும்."

"பூட்டுறது?"

"அதுவுந்தான். ஏதோ ஹாஸ்டல் ரூல்ஸ்னு நெனச்சேன். சென்டர்ல பாதி பேருக்குத் தெரியும். உனக்கும் தெரியும்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

கனகலட்சுமி டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தார். கடப்பாரை எடுத்து வந்த மனிதர் இவர். புகைக்குள் புகுந்து சுகப்பிரியாவைத் தூக்கி வந்தவரும் இவர்தான். இவரைத் திட்டவும் முடியவில்லை, முன்போல் பேசவும் முடியவில்லை.

இப்போது கனகலட்சுமிக்குத் தண்டலத்தில் சின்னதாக ஒரு கடை. சுகப்பிரியா ஊருக்குப் போய் உடம்பு தேறி, வீட்டாரைச் சம்மதிக்க வைத்து, ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனிக்குத் திரும்பி வந்திருக்கிறாள். இந்த முறை மூன்று தோழிகளோடு வாடகை வீடு. அதைப் பேசி முடித்தது கனகலட்சுமிதான். வீட்டுக்காரர் வாடகையும் அட்வான்ஸும் சொல்லி முடித்து ஒற்றைச் சாவியை நீட்டியதும், "நாலு சாவி வேணும். ஆளுக்கு ஒண்ணு" என்றார் கனகலட்சுமி. வீட்டுக்காரர் தயங்கியபோது, நாலும் கைக்கு வரட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டார்.