ஏழாம் நம்பர் மலை

கடிதம் சிங்களத்தில் வந்திருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதுவும் தமிழில். அதனால் ராகலை டவுனில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் சிங்களப் பெண்ணிடம் கொண்டுபோனேன். தோட்டத்து ஆட்களுக்கு வரும் கடிதங்களை அவர்தான் வாசித்துச் சொல்வார்.

அவர் முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு என் இடது கையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார்.

"அண்ண, நீங்க கந்த ஏற போனதா?"

"கந்தன்னா?"

"மல. பெரிய மல. சாமி கும்புட ஏறுறது, சுத்திப் பாக்க ஏறுறது, அந்த மாதிரி. சொந்த விசயமா மல ஏறப் போயி விழுந்தது, வேலையில விழுந்தது இல்ல, அதனால நட்டஈடு இல்லன்னு எழுதியிருக்கு."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஆட்கள் முன்னால் பேச எனக்கு எப்போதும் வராது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். பாதி வழியில்தான் விளங்கியது. விளங்கியதும் ரோட்டோரத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் தேயிலை நட்டிருக்கும் நிலத்துக்குப் பெயர் மலை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. மூன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்றுதான் சொல்வோம். வேலைக்குப் போவதை மலைக்குப் போவது என்போம். என் மனைவி காலையில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு "மலைக்குப் போயிட்டு வாரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், அவள் எந்தச் சாமியையும் கும்பிடப் போகவில்லை.

நான் விழுந்தது ஏழாம் நம்பர் மலையில். அன்று எனக்குக் கவ்வாத்து வேலை. வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. வலது கையில் கத்தி, இடது கையால் கிளையைப் பிடிக்க வேண்டும். காலையில் பனிமூட்டம். மேலே ஏறும்போது மழைத் தண்ணீர் ஓடும் கானின் ஓரம் வழுக்கி, நான் விழுந்த இடத்தில் என் கத்தியும் விழுந்தது. உள்ளங்கை பிளந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். நரம்பு அறுந்ததால் மூன்று விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. கிளையைப் பிடிக்க முடியாதவன் கவ்வாத்துக்குப் போக முடியாது. இப்போது எனக்குச் சில்லறை வேலைதான். ரோடு கூட்டுவது, சாக்கு உதறுவது. அதுவும் கொடுத்தால் உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கட்டோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். எங்கள் டிவிசனில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர் கண்டாக்கையா. யாருக்காவது அடிபட்டால் நட்டஈட்டுப் படிவம் நிரப்பி நுவரெலியாவிலுள்ள அரசாங்க ஆபீசுக்கு அனுப்புகிறவரும் அவர்தான். அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"எங்க விழுந்தே?"

"மலையில ஐயா."

"எப்படி?"

"மலை ஏறயில வழுக்கிருச்சுங்க."

"சரி, கையெழுத்துப் போடு."

அவர் சிங்களத்தில் எழுதியதற்குக் கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் மேலும் எனக்கு இன்று கோபம்தான்.

ஆனால் அவருக்கு என்ன சாக்கு? அவரும் எங்களைப்போல லயத்தின் வரிசை வீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் கொழுந்து பறித்தவர். நான் சொன்ன மலை எது என்று அவருக்குத் தெரியாதா? தேயிலைத் தோட்டத்துக்குச் சிங்களத்தில் தே வத்த என்று எழுத வேண்டிய இடத்தில் கந்த என்று எழுதினார். வேலையில் விழுந்தால் தோட்டம் பதில் சொல்ல வேண்டும். கந்தயில் விழுந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் தெரியாமல் எழுதினார் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப நீங்க கத்தியத் தோளுல போட்டுக்கிட்டு டூர் போனீங்களாக்கும்?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"நாளைக்கிப் பெரட்டுல கேளுங்க. நீங்க கேக்காட்டி நான் கேப்பேன். நான் கேட்டா நல்லா இருக்காது."

அவள் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காலையில் எல்லாரும் கூடி வேலை வாங்கும் இடத்தைத்தான் பெரட்டு என்கிறோம். மறுநாள் நான் வழக்கம்போலக் கடைசியில் போய் நின்றேன். கண்டாக்கையா கையில் புத்தகத்தோடு சத்தமாகப் பிரித்தார்.

"நாலாம் நம்பர் மலைக்குக் கொழுந்து. இந்தப் பக்கம் நிக்கிற எல்லாரும். ஒம்பதாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்து."

"ஐயா" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். இருபது வருஷமாகப் பெரட்டில் நான் வாய் திறந்ததில்லை.

"என்னடா?"

"நாலாம் நம்பர் மலைன்னா என்னாங்க ஐயா? கந்தயா?"

"என்ன ஒளர்றே காலையிலயே?"

"எனக்கு அப்படித்தான எழுதி அனுப்புனீங்க. மலையில விழுந்தேன்னு சொன்னேன். கந்த ஏறப் போனான்னு எழுதிட்டீங்க. இப்ப இவங்கள எங்க அனுப்புறீங்க? வேலைக்கா, சாமி கும்புடவா?"

அவர் புத்தகத்தை மூடினார். பதில் வருவதற்குள் என் மனைவிக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அக்கா கேட்டுவிட்டார். வயதானவர், அடுத்த வருஷம் பென்ஷன்.

"அப்ப எங்களுக்கு இன்னைக்குப் பேரு போட மாட்டீங்களாய்யா, சம்பளம் இல்லயா? இத முன்னாடியே சொல்லியிருந்தா தேங்கா சூடத்தோட வந்திருப்போம்ல."

சிரிப்பு எழுந்தது. கண்டாக்கையாவின் முகம் கறுத்தது.

"நேரமாகுது. போங்க."

யாரும் போகவில்லை. அதே அக்கா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"நாங்க எங்க போறோம்னு சிங்களத்துல ஒரு துண்டு எழுதிக் குடுத்துருங்க ஐயா. நாளைக்கி நான் விழுந்து கெடந்தா என்னையும் டூர் போனவன்னு எழுதுவீங்க. ஏற்கனவே எனக்கு முட்டி வலி. கந்த எல்லாம் ஏற மாட்டேன்."

ஒவ்வொரு கூடையாகத் தரையில் இறங்கியது. என் மனைவியின் கூடையும் இறங்கியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கண்டாக்கையாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து மேலாளரான துரையின் ஜீப் வரும்வரை அப்படியே நின்றார்கள். துரை இறங்கி என்ன விஷயம் என்று கேட்டபோது, கண்டாக்கையா "ஒரு சின்னச் சொல் மாறிப்போச்சு சேர்" என்றார்.

சின்னச் சொல். என் கையைத் தூக்கிக் காட்டினேன். மடங்காத விரல்களை மடக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கண்டாக்கையா முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை.

விழுந்த அன்று நான் கவ்வாத்துக்குப் பிரிக்கப்பட்டவன், ஏழாம் நம்பர் என்பது தோட்டத்துத் தேயிலை நிலம் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதை வைத்து மறு விசாரணை கேட்டேன். நுவரெலியாவுக்கு எத்தனை தடவை அலைந்தேன் என்று நான் எண்ணி வைக்கவில்லை. விசாரணை நாளில் கண்டாக்கையா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "அவர் சொன்னதத்தான் நான் எழுதினேன்" என்று அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார். அந்த அளவு சிங்களம் எனக்கு விளங்கும். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, "சரியாகிடும்பா, கவலப்படாத" என்றார். நான் தோளை நகர்த்திக்கொண்டேன்.

முடிவு வந்தது. அதே கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் வாசிக்கும்போதே முகம் மலர்ந்தது.

"அண்ண, கெடச்சிருச்சி. வேலையில பட்ட காயம்னு ஏத்துக்கிட்டாங்க."

"முதல்ல ஏன் இல்லைன்னாங்கன்னு போட்டிருக்கா?"

"ஆமா. மொழிபெயர்ப்புல பிழை ஏற்பட்டதாம்."

"யாரு செஞ்ச பிழைன்னு போட்டிருக்கா?"

அவர் விரலை வைத்து வரி வரியாகத் தேடினார்.

"இல்ல அண்ண. பிழை ஏற்பட்டதுன்னு மட்டும்தான் இருக்கு."

மழை பெய்வதுபோலப் பிழை தானாக ஏற்பட்டிருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் பொய்யன். வேலை நேரத்தில் ஊர் சுற்றப் போய்க் கையை அறுத்துக்கொண்டவன். அதை எழுதிய கை எவருடையது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. நட்டஈடு கிடைத்ததே, விட்டுவிடுங்கள் என்று ஊரில் பலர் சொன்னார்கள். என் மனைவி சொல்லவில்லை.

அந்தப் பெண்ணிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். கடை மேசையின் ஓரத்தில், மடங்காத கையைத் தாளின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு, அந்த அதிகாரிக்குத் தமிழில் எழுதினேன். பிழை ஏற்படவில்லை, எங்கள் கண்டாக்கு செய்தார், இனி எங்கள் ஆட்கள் சொல்வதைத் தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன். எழுத்துகள் கோணலாக இருந்தன.

"இத அனுப்பினா ஒங்களுக்குப் பிரச்சின வரும் அண்ண" என்றார் அவர்.

"வரட்டும் தங்கச்சி. ரெண்டு கொப்பி எடுங்க."

ஒன்றைத் தபாலில் பதிவு செய்து அனுப்பினேன். மற்றதை அன்று மாலையே கண்டாக்கையாவின் மேசையில் வைத்தேன். இந்தத் தடவை ஜன்னலால் நீட்டவில்லை. கதவால் உள்ளே போனேன்.