காதுகுத்து பேனரும் தொண்ணூற்றெட்டு சதவீத மெமரியும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்றால் பாதி நேரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து, மெமரியை எது தின்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. கண்டுபிடிப்பது சுலபம். அதை மூடச் சொல்வதுதான் பாடு, இதே தொழிலில் இருக்கிற உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மூடாத பக்கம்

ஆவூரில் ஒரு டீச்சரம்மா. மெஷின் நகரவே மாட்டேங்குது என்று கூப்பிட்டார். பிரவுசரில் மூடாமல் விட்ட பக்கங்கள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தேன். ஒன்றில் மட்டும் கையைத் தடுத்தார். மகளுடைய பழைய பரீட்சை முடிவு. அதற்காகவே மெஷினை நிறுத்துவதில்லையாம்.

"வீட்டுக்கு யாரும் வந்தா காட்டணும்ல தம்பி?"

ஆளுக்கொரு லேயர்

கந்தர்வக்கோட்டையில் செல்வி அக்கா ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். விடிந்தால் ஒரு காதுகுத்து. பேனர் அன்றைக்கே பிரிண்ட் ஆகவேண்டும். காலையிலிருந்து செய்த வேலை சேவ் ஆகவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனி லேயரில், போனில் எடுத்த முழு அளவுப் படங்களாக இருந்தார்கள். மெமரி தொண்ணூற்றெட்டு சதவீதம். எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பாரம் குறையும் என்றேன். பிள்ளையின் அப்பா பக்கத்தில் இருந்ததால் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"சேத்துப்புட்டா அப்புறம் பிரிக்க முடியாதுல்ல? விடியிறதுக்குள்ள எந்த மாமன் கோவிச்சுக்குவாருன்னு யாரு கண்டா?"

மாமன் வந்தார்

அந்த மாமன் அரை மணியில் வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தவேண்டிய தாய்மாமன். திரையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் அப்பாவிடம் திரும்பினார். "ஒங்க தம்பி மேல, நான் கீழயா? அப்ப அவரு மடியிலயே வெச்சுக் குத்திக்கங்க" என்று செருப்பை மாட்டினார். பிள்ளையின் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. தாய்மாமன் போய்விட்டால் காதுகுத்து நின்றுபோகும்.

அக்கா அவசரமாக மாமன் படத்தை மேலே இழுத்தார். திரை உறைந்தது. மெஷினை நிறுத்தினால் பேனரே இல்லை. நான் டாஸ்க் மேனேஜரில் பாட்டு, பிரவுசர், பிரிண்டர்காரன் போட்டுவைத்த புரோகிராம் என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன். மெமரிக் கோடு மெல்ல இறங்கியது. திரை விழித்தபோது மாமன் பேனரின் நட்டநடுவில், சித்தப்பாவைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றார். அக்கா முதல் வேலையாக சேவ் அழுத்தினார். மறுபடி நகர்த்தப் போகவில்லை. மாமன் செருப்பைக் கழற்றினார்.

"பாத்தீங்களா மாப்ள, தாய்மாமன எங்க வைக்கணும்னு மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு."

எட்டு ஜிபி மெமரியைப் பதினாறாக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்துச் சொந்தபந்தத்துக்கு அது அடுத்த கல்யாணம்வரை தாங்கினால் பெரிய விஷயம்.