மலையை மட்டும் எடுத்தவர்

போனக்காட்டில் எங்கள் லயத்துக்கு எதிரே உள்ள மேட்டில் அவர் சில நாளாகக் கேமராவோடு நின்றார். ஒல்லியான ஆள், நரைத்த தாடி. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார்.

தேயிலை எஸ்டேட் மூடிக் கிடக்கிறது. நாங்கள் இன்னும் அந்த லயத்து வரிசை வீடுகளில்தான் இருக்கிறோம். "எஸ்டேட்டை விக்கிறதுக்கு முன்னாடி கம்பெனிக்காரங்க ஆள் விட்டுப் பாக்கிறாங்க," என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு காலையில் நேராகப் போய்க் கேட்டேன்.

"சார், உங்களை யாரு அனுப்பினது?"

"யாரும் இல்லே அக்கா. திருவனந்தபுரத்துல இருந்து நானா பஸ் ஏறி வருவேன். இந்த மஞ்ஞை, இந்தப் பனியை, பாக்கலைன்னா உறக்கம் வராது," என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

கேமராவில் படங்களைக் காட்டினார். மலை, பனி, தேயிலைச் சரிவு. ஒவ்வொன்றிலும் பனி எங்கே விலகுகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். ஆனால் அந்த மேட்டிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது எங்கள் லயம். அது ஒரு படத்திலும் இல்லை.

"எங்க வீடெல்லாம் எங்க சார்?"

"வீடு வராம ஒதுக்கித்தான் எடுப்பேன். ஆளில்லாத மலைதான் அக்கா எனக்குச் சமாதானம்."

மலைமேல் அவருக்கிருந்த பிரியம் பொய்யில்லை. அதனாலேயே என் சந்தேகம் கூடியது. நாங்கள் போய்விட்டால் இவர் வருத்தப்பட மாட்டார் என்று தோன்றியது. அவர் மறுபடி கேமராவில் கண் வைத்தபோது நான் அதன் முன்னால் போய் நின்றேன்.

"கொஞ்சம் மாறி நிக்கணும் கேட்டோ."

"நான் இங்கதான் சார் இருப்பேன்."

அவர் காத்திருந்தார். நான் நகரவில்லை. பிறகு க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அப்புறம் அவர் வரவே இல்லை.

அந்தப் படத்தை வைத்திருக்கிறாரா, அழித்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.