பிள்ளைகள் பாட வந்த நாள்

நேற்று கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில், ஒரு கடையிலிருந்து பிள்ளைகள் கைதட்டிப் பாடும் கிறிஸ்துவப் பாட்டு கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

அப்படிப் பாடி நான் முதலில் கேட்டது சின்ன வயதில், கச்சிராயபாளையத்தில், அப்பா இறந்த வருஷம். அம்மா கரும்பு வெட்டப் போவாள், வருவாள். என்னிடம்கூடப் பேச்சு கிடையாது. எங்கள் தெருக்கோடி சர்ச்சுக்கு வெளியூர் அனாதை இல்லத்துப் பிள்ளைகள் பாட வந்தார்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் பாட்டுச் சத்தம் கேட்டு, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றாள்.

துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைகள். தகரக் கூரை அதிர, கண்ணை மூடிக்கொண்டு, குதித்துக் குதித்துப் பாடினார்கள். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுவரை எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

முடிந்ததும் வெளியே வந்த ஒரு சிறுமியிடம் அம்மா கேட்டாள்: "அம்மா அப்பா இல்லன்றாங்க. எப்டிம்மா இப்டி சிரிச்சிக்கினு பாடற?"

"ஏசப்பா கேட்டுக்கினு இருக்காருல்லக்கா," என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது என் பக்கம் குனிந்து, "ராவிக்கு இன்னாடி ஆக்கட்டும்?" என்றாள்.

நேற்று பாட்டு முடியும்வரை நான் பேருந்தில் ஏறவில்லை.