வெள்ளை விளிம்பு

ஆய்வகத்தில் அவரை எல்லாரும் ‘நறுக்கு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளைகளை உறைந்த நிலையில் முடியளவு மெல்லிசாக அரிந்து கொடுப்பது அவர் வேலை. வீட்டில் ஒரு தம்பி. மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன். வாய்க்கொழுப்புக்குத்தான் மாத்திரை இல்லை. “என் முறை வரும்போது கொஞ்சம் பாத்து நறுக்கு” என்பான்.

ஒருவர் உடம்பில் மரபணுவின் எழுத்து எல்லா உயிரணுவிலும் ஒன்றுதான். அதன்மேல் ஒட்டும் வேதிக் குறிகள்தான் எதைப் படிக்கலாம், எதை மூடிவைக்கலாம் என்று சொல்கின்றன. மனச்சிதைவு இருந்தவர்களின் மூளையில் அந்தக் குறிகள் எங்கே மாறியிருக்கின்றன என்று தேடியதில் நூற்றுப் பன்னிரண்டு இடங்கள் அகப்பட்டன. பேராசிரியர் கட்டுரை எழுத உட்கார்ந்தார். அக்கா அன்று வீடு திரும்பியதும் தம்பியிடம், “காரணம் சிக்கிடுச்சுடா” என்றார். அன்று மட்டும் தம்பி கிண்டல் செய்யவில்லை.

அரிந்தபின் மிஞ்சும் துண்டை அவர் எறிவதில்லை. எண் ஒட்டி வைப்பார். கட்டுரை போக இரண்டு நாள் இருக்கும்போது, பெட்டிகளை அடுக்குகையில் கண்ணில் பட்டது. நோயாளிகளின் துண்டுகளில் வெட்டு சாம்பல் பகுதியைத் தாண்டி, அடியிலிருந்த வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. நோயாளிகளின் பெட்டிதான் முதலில் வந்தது. புது இயந்திரம் கைக்குப் பழகாத வாரம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் பெட்டி வந்தபோது பழகிவிட்டது. சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உயிரணுக்கள் வேறு, குறிகளும் வேறு. அப்படியானால் அகப்பட்டது நோயா, தன் கையா?

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால், தம்பிக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவேண்டும்.

“சார், தப்பு என் கையில.”

பேராசிரியர் துண்டுகளையே பார்த்தார். “ரெண்டு வருஷம் போச்சே, அம்மா.”

“மிச்சம் இருக்கு சார். ரெண்டு பெட்டியையும் கலந்து வையுங்க. எது யாரோடதுன்னு எனக்குச் சொல்லாதீங்க. மறுபடி அரியறேன்.”

ஐந்து மாதம் ஆயிற்று. நூற்றுப் பன்னிரண்டில் நாலு நின்றன.

“நாலா? என் கணக்குப் பரீட்சை மார்க் மாதிரி இருக்கே” என்றான் தம்பி. மாத்திரையை விழுங்கிவிட்டுக் கேட்டான்: “அந்த நாலு மட்டுமாவது நிஜமா?”

“காரணமான்னு தெரியாது. ஆனா என் கை பண்ணின வேலை இல்ல.”

கட்டுரையில், ‘முதல்முறை அரிந்தவை வெட்டுப்பிழையால் நீக்கப்பட்டன’ என்று ஒரு வரி இருக்கிறது. இருந்தே ஆகவேண்டும் என்று கேட்டவர் அக்கா. அவர் பெயர் அதில் இல்லை. தம்பி அந்த வரிக்குச் சிவப்பில் கோடு போட்டு வைத்திருக்கிறான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுகிறான்.

“இது எங்க அக்கா.”