பாதியில் நின்ற பெயர்

வெந்த சிப்பியின் மேல் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு ஆவி எழும்பும்; அதன் மணம் மூக்கில் ஏறி, தொண்டையை அறுத்து, கண்ணில் நீராக வெளியே வரும். அந்த மணத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன்தான்; ஆனாலும் குளச்சலிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் என் சுண்ணாம்பு ஏறாத பழைய மச்சுவீடு எத்தனை உண்டு என்று விசாரித்துப் பாருங்கள். இரண்டு சூளை, ஒரு செங்கல் களம், சொந்த லாரி, சுசீந்திரத்தில் வயல், மண்டைக்காட்டுக்கு நடந்து போகிறவர்கள் இளைப்பாற ஒரு சாவடி, இவ்வளவும் எவனும் கைகொடுக்காமல், பலபேர் காலை வாரிவிட்டபோதும் நான் உண்டாக்கியவை. இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாத காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

திருவிதாங்கூர் ராஜ்யமாக இருந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. மண்டைக்காட்டுக்குக் கிழக்கே, கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் அப்பா சிப்பிச் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தார். ஊரார் அவரைச் 'சூளைக்காரர்' என்பார்கள், என் தாய்மாமன் 'அத்தான்' என்பார், அம்மா எந்தக் காலத்திலும் புருஷன் பெயரை வாயால் சொன்னவளில்லை, பிள்ளைகள் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று எங்களை வளர்த்திருந்தார்கள். ஆகவே பூதலிங்கம் என்ற அவருடைய நல்ல பெயர் பத்திரத்தில் இருந்ததே தவிர, யார் வாயிலும் இல்லை.

சூளைப் புகையும் சுண்ணாம்பு சலிக்கிற புழுதியும் வருஷக்கணக்காகத் தின்ற நெஞ்சு கடைசியில் அவரைத் திருப்பித் தின்னத் தொடங்கியது. 'மூச்சு முட்டு' என்பார்கள் எங்கள் பக்கத்தில். மல்லாந்து படுக்க முடியாது. கவிழ்த்துப் போட்ட பெட்டியில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்தே இருப்பார். நெஞ்சுக்குள் 'கோழிக்குஞ்சு' கத்தும். அது கத்தத் தொடங்கினால், கூடவே சந்தேகமும் வந்துவிடும். கஷாயம் கொண்டு வந்தால் அம்மாவை ஏற இறங்கப் பார்ப்பார்.

"ஏட்டி, இதுல என்னத்தக் கலக்குன?"

"ஆடாதோடையும் மிளகும்தான். நான் குடிச்சுக் காட்டட்டா?"

"அப்பம் ஒங் கண்ணு ஏன் வாசலப் பாக்கு? ஆரு வருகா?"

வைத்தியரிடம் கசப்பு கூடிப்போயிற்று என்று சொன்னால், "ஆடாதோடை கசக்காம பின்ன பிரதமன் பாயசம் மாதிரியா ஓய் இருக்கும்? உமக்கு நெஞ்சுல பாதி, நெனப்புல பாதி" என்று சிரிப்பார். அப்பா பத்தியத்தை மீறி மீன் தின்கிறார் என்று வைத்தியருக்குச் சந்தேகம். பெரியப்பா வீட்டார் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மாவுக்குச் சந்தேகம். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார் என்று ஊருக்குச் சந்தேகம். மாமாவுக்கு எங்கள் சூளையின் மேல் ஒரு கண் என்று எனக்குச் சந்தேகம். ருசு கிடையாது; ஆனால் சந்தேகம் இன்றும் தீரவில்லை.

அந்த வருஷம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர், பாதி வழியில் ஒரு புன்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த வழியாய் வந்த நாலுபேர் நின்று காதைக் கொடுத்தார்கள். ஒருவன் சொன்னான்: "ஓய் சூளைக்காரரே, கடலு அங்க கெடக்கு, இரைச்சல் இஞ்ச கேக்கே!" எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அவர்கள் போன பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்க மூச்ச எண்ணுகானுவ மக்கா. எப்பம் நிக்கும்னு பாக்கானுவ" என்றார். அழுதார். அதன்பின் அவர் வாசலைத் தாண்டவில்லை. குளிப்பதற்கும் பயந்தார், தனியே விட்டால் கூப்பிடுவார், பக்கத்தில் போனால் எதற்கு வந்தாய் என்பார். மூச்சில்லாதவர் ஒரே வீச்சில் எப்படிப் பேசுவார்? ஒரு சொல், ஒரு விசில், இன்னொரு சொல். கண் வேறு பிதுங்கி நிற்கும். "இது அத்தானுக்க குரலே இல்ல அக்கா. உள்ள வேற ஆளு இருக்கு" என்றார் மாமா. அம்மாவும் நம்பினாள்.

ஆடிச் சாரலில் மூச்சு முட்டு முற்றியிருந்த ஒரு முற்பகலில், சிதறால் பக்கத்திலிருந்து ஒரு மந்திரவாதியை மாமா கூட்டிவந்தார். காற்றுப் பட்டால் கூடும் என்று ஜன்னலை ஏற்கெனவே சாக்கால் அடைத்திருந்தார்கள். இப்போது கதவையும் சாத்தி, மாமா அதில் முதுகைக் கொடுத்து நின்றார். அம்மா மூலையில், நான் அவள் சேலைக்குப் பின்னால், அண்டை வீட்டுக்காரர் ஒருவர் சாட்சிபோல். கனல் சட்டியில் குங்கிலியமும் வற்றல் மிளகாயும் விழுந்தன. அப்பா, "என்னைக்... கொல்லப்... போறானுவ" என்றார்.

"அது பேயாக்கும் பேசுகது" என்றார் மாமா.

"ஆராடா நீ? பேரு பறை!" என்று மந்திரவாதி பிரம்பை ஓங்கினான்.

பேயானால் பெயர் சொல்ல வேண்டும், சொன்னால் இறங்கிவிடும் என்பது அவர்கள் சட்டம். அப்பா பாவம், கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் பார்த்தார்.

"பூ... த..."

அதற்கு மேல் மூச்சில்லை.

"கேட்டியளா! பூதம்! தன் வாயாலே பறஞ்சு!" மந்திரவாதி இன்னொரு கைப்பிடி மிளகாயை அள்ளிப் போட்டான். அப்பாவின் உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாய் திறந்தது, உதடு அசைந்தது. ஆனால் ஆயுசு முழுக்கச் சொல்லாத பெயர் அப்போதும் வரவில்லை.

நான் கத்தினேன்: "பூதமில்ல! எங்கப்பாக்க பேரு பூதலிங்கம்! பேரத்தான் சொல்லுகாரு!"

கத்தியதோடு நிற்கவில்லை, குடத்துத் தண்ணீரைக் கனலில் கவிழ்த்து, ஜன்னல் சாக்கைப் பிய்த்து எறிந்தேன். சட்டி வெடித்தது. மாமா என் கன்னத்தில் அறைந்தார். "தகப்பன் பேரையா லே சொல்லுக?" என்றார். அண்டை வீட்டுக்காரர்தான் மெதுவாக, "பயல் சொல்லுகது சரிதான வேய். சூளைக்காரருக்குப் பேரு அதாக்கும்" என்றார். மந்திரவாதி பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தான்.

அப்பா முற்றம் வரை தவழ்ந்து போய், சாரலில் கையை ஊன்றி உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து மூச்சு வழிக்கு வந்தது. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்து ஓடினேன்.

"ஒன்ன... ஆரு லே... அனுப்புனது?" என்றார்.

அதன்பின் சில வருஷம் இருந்தார். மறுத்துப் பேசினால் சந்தேகம் ஏறுகிறது, எழுந்து போனால் இன்னும் ஏறுகிறது, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சும் இறங்குகிறது, மனசும் இறங்குகிறது என்று எந்த வைத்தியனும் சொல்லாமல் நான் கண்டுகொண்டேன். இன்று சிப்பிச் சூளைகள் அவிந்து, அந்த இடத்தில் தென்னந்தோப்பும் கான்கிரீட் வீடும் வந்துவிட்டன. மிளகாய்ப் புகை போட வருகிறவனும் இல்லை. மருந்தை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். நெஞ்சு நோயாளியிடம் தூக்கம் வருகிறதா, பயம் உண்டா என்று டாக்டர்கள் கேட்கிறார்களாம். ஏதோ அவர்கள் கண்டுபிடித்ததுபோல.

அது போகட்டும். போன மாதம் மாமாவின் பேரனுக்குக் கல்யாணம். மேடையில் ஒருவர் எழுந்து, மந்திரவாதியை அடித்துத் துரத்தித் தன் அத்தானின் உயிரைக் காத்த உத்தமர் என்று செத்துப்போன மாமாவைப் புகழ்ந்தார். கைதட்டினார்கள். நான் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன். வயலும் சாவடியும் யார் பெயரில் வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்த ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பா கடைசி மூச்சு வரைக்கும், யார் அனுப்பினார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் செய்தேன். அவர் நம்பவில்லை, நீங்களாவது அப்படியே எழுதிவையுங்கள்.